மறுநாள் போன்

பெரியவளுக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பொறாமையெல்லாம் ஒன்றுமில்லை, நியாயம் கேட்கிறேன், அவ்வளவுதான் என்பாள். பொறாமைப்படுகிற எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த நேரம் பார்த்து அவர்களுக்கு நியாயத்தின் மேல் அப்படி ஒரு பாசம் வந்துவிடும்.

அவள் அந்த வீட்டின் மூத்த மருமகள். கொழுந்தனின் மனைவி, அதாவது அவளுடைய ஓரகத்தி, சின்னவள். மாமனாருக்கு ஹார்டுவேர் கடை. ஆணி, பூட்டு, குழாய், ஒயர், பெயின்ட் என்று வீடு கட்ட எது வேண்டுமோ அது கிடைக்கும். கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை. அதில் எதிரும் புதிருமாக இரண்டு மேசைகள், நடுவில் தாளை மென்று துப்பும் ஒரு பழைய பிரின்டர். ஒரு மேசையில் போன் இருந்தது, அது பெரியவளுடையது. இன்னொன்றில் லேப்டாப் இருந்தது, அது சின்னவளுடையது. இதில் எந்த மேசை அறையில் தங்கும், எது மாடிப்படி இறங்கும் என்பதுதான் கதை.

ஆரம்பித்தது என்னவோ பெரியவள்தான். கல்யாணமாகி வந்த புதிதில் அவளைக் கல்லாவில் உட்கார வைத்தார்கள். வணிகவியலில் பட்டம் வாங்கியவள், சும்மா இருக்க முடியவில்லை. குழாய் வாங்க வருகிறவர்கள் பில்லைக் கையில் வாங்கிக்கொண்டே, "இத மாட்ட யாராவது ஆள் கிடைப்பாங்களா?" என்று கேட்பார்கள். பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் பெயின்டரும் தினமும் அந்தக் கடைக்கு வருகிறவர்கள்தானே? அவள் ஒரு போன் போட்டு ஆளை அனுப்பிவைப்பாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை. மறுநாள் அந்த வீட்டுக்குப் போன் செய்வாள். "என்னங்க, தண்ணி நின்னுடுச்சா? இன்னும் சொட்டுதா?" என்று விசாரிப்பாள். சொட்டுகிறது என்றால் சம்பந்தப்பட்ட ஆளுக்குக் காது கிழியத் திட்டு விழும். சாயங்காலத்துக்குள் அவன் மறுபடி அந்த வீட்டு வாசலில் நிற்பான். இப்படிச் செய் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பல் தேய்ப்பது மாதிரி அது அவளுக்கு ஒரு பழக்கம். போனை வைக்கும்போது, "எதுன்னாலும் கூப்பிடுங்க" என்று சொல்லாமல் வைக்க மாட்டாள்.

அப்புறம் சின்னவள் வந்தாள். கம்ப்யூட்டர் படிப்பு, கலகலவென்ற சிரிப்பு, எதையும் ஒரு தடவை பார்த்தாலே பிடித்துக்கொள்கிற புத்தி. போன் ஓயாமல் அடிப்பதைப் பார்த்தாள். கொஞ்ச நாளில் ஓர் ஆப் செய்து எல்லோர் போனிலும் ஏற்றிவிட்டாள். ஆரஞ்சு நிறத்தில் பட்டன். அதற்குப் பெயர் 'கூப்பிடு'.

"அடேங்கப்பா, என்ன பேரு! பளிச்சுன்னு இருக்கே!" என்று மாமனார் தொடையைத் தட்டினார். வீட்டுக்கு வந்த உறவுக்காரர்களிடமெல்லாம், "சின்னவ வச்ச பேரு, சின்னவ வச்ச பேரு" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். பெரியவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அது யார் வாயிலிருந்து எடுத்த வார்த்தை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளும் சொல்லவில்லை, விழுங்கிக்கொண்டாள். அன்றைக்கு விழுங்கியது இன்றைக்கு வரை செரிக்கவில்லை.

இதுவரை எல்லாம் இலவசம். ஆப்புக்கான செலவு, விளம்பரச் செலவு, போன் செலவு எல்லாம் கடையின் தலையில். ஒரு நாள் கடை மூடியதும் மாமனார் எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டார்.

"ஊருக்கு உபகாரம் பண்ணது போதும். இது எப்படிச் சம்பாதிக்கப் போகுது? ஒரே ஒரு வழி சொல்லுங்க. ரெண்டு மூணுன்னு குழப்பக் கூடாது."

பெரியவள் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். கமிஷன். நடக்கிற ஒவ்வொரு வேலைக்கும் கூலியில் ஒரு சின்னப் பங்கு நமக்கு. முதல் நாளே கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருந்தாள். கணவனிடமும் சொல்லி, அவனும் தலையாட்டியிருந்தான். இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டாள். செருமி முடிப்பதற்குள் எதிர் மேசை பேசிவிட்டது.

"கமிஷன்தான் மாமா சரி," என்றாள் சின்னவள். "ஆப்ல புக் பண்ணுவாங்க, ஆப்லயே பணம் கட்டுவாங்க. நம்ம பங்கு போக மிச்சம் வேலை செஞ்சவருக்குத் தானாப் போயிடும். போன் எடுக்க ஆளே வேண்டாம்."

சின்னவள் அதில் எந்த உள்குத்தும் வைக்கவில்லை. ஆனால் அந்த அறையில் போன் எடுக்கிற ஆள் ஒரே ஒருத்திதான்.

"கமிஷன் சரிப்படாது," என்று பெரியவளின் வாய் சொன்னது.

சொன்ன பிறகுதான் ஏன் சரிப்படாது என்று யோசிக்க ஆரம்பித்தாள். "உழைக்கிறவங்க கூலியில நாம கை வைக்கலாமா? மாசச் சந்தாதான் நியாயம். வேலை செய்றவங்க மாசத்துக்கு ஒரு தொகை கட்டட்டும், எத்தனை வேலை வந்தாலும் அவங்களுக்கே."

"நேத்து நீதானே..." என்று அவள் கணவன் ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் அவனுக்குத் திடீரென்று பிரின்டரின் மேல் பெரிய அக்கறை வந்துவிட்டது.

மாமனார் ஆணியை எடை போட்டே பழகியவர். எதையும் தராசில் வைத்துப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை. "சரி, ரெண்டு பேரும் பண்ணிக் காட்டுங்க. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் பெரியவ, சந்தா. அந்தப் பக்கம் சின்னவ, கமிஷன். ஸ்கூல் லீவு முடியறப்ப பாக்கலாம். எந்தப் பக்கம் ஆளுங்க நிலைச்சு நிக்கிறாங்களோ, ஊர் முழுக்க அதான். தோத்த மேசை கீழ போயிடும். எனக்குப் பெயின்ட் டப்பா வைக்க இடம் பத்தல."

இப்படியாக ஒரு வீட்டுக்குள் இரண்டு கடை திறந்தது.

பெரியவளின் பக்கம் முதல் மாதமே தள்ளாட ஆரம்பித்தது. வேலை செய்கிறவர்கள் சந்தா என்றதும் முகத்தைச் சுளித்தார்கள். 'வெள்ளம்' என்று ஒரு பிளம்பர் இருந்தார். ஒரு தடவை மெயின் வால்வை மூடாமல் குழாயைக் கழற்றி, ஒரு வீட்டின் சோபாவையே மிதக்கவிட்டதால் வந்த பெயர். நல்ல வேலைக்காரர்தான், அவசரம் மட்டும் ஜாஸ்தி. அவர் மாடியேறி வந்து தலையைச் சொறிந்தார்.

"வேலை வந்தாலும் சந்தா, வராட்டியும் சந்தான்னா எப்படிக்கா? அந்தப் பக்கம் வேலை நடந்தாத்தான் கமிஷன் வெட்டறாங்க. நான் ரயில் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க."

"தாராளமாப் போங்க. யாரு புடிச்சு வச்சிருக்கா?" என்றாள் பெரியவள். அவர் இறங்கிப் போன பிறகு மேசையிலிருந்த பேனாவை மூடியால் மூடி, திறந்து, மறுபடி மூடினாள்.

சின்னவளின் திரையில் ஒரு கோடு ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டைப் பார்க்க வீடே வந்தது. மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கொழுந்தன் பார்த்தான். அதெல்லாம் பரவாயில்லை. பெரியவளின் சொந்தக் கணவன், கட்டிய கணவன், சின்னவளின் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ஏறுது பாரேன், எப்படி ஏறுது பாரேன்!" என்று கிரிக்கெட் பார்க்கிற மாதிரி பார்த்தான். அவளுடைய போனில் எதுவும் ஏறி இறங்காது. அது அடிக்கும், அவ்வளவுதான். அடிக்கிற போனை யார் வந்து வேடிக்கை பார்ப்பார்கள்?

வயிறு எரிந்தது. சின்னவள் சிரித்தால் எரிந்தது. தும்மினால்கூட, "தண்ணி குடிம்மா" என்று மாமனார் சொல்வதைக் கேட்டு எரிந்தது. தானும்தான் போன வாரமெல்லாம் ஜலதோஷத்தில் கிடந்தோம், ஒரு நாதி கேட்கவில்லையே என்று கணக்குப் பார்த்தாள். பொறாமை இருக்கிற இடத்தில் ஞாபகசக்தி அபாரமாக வேலை செய்யும்.

அப்போதுதான் டீச்சர் போன் செய்தார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடியில் இருப்பவர். ரிட்டயர் ஆனவர், தனியாக இருக்கிறார். பெரியவளுக்குப் பழைய பழக்கம்.

"ஆப்ல என்னென்னமோ கேக்குதும்மா. ஏதோ நம்பர் வருது, கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பாக்கறதுக்குள்ள போயிடுது. எங்க சிங்க் அடைச்சுக்கிட்டு நாலு நாளாச்சு."

பெரியவள் தானே ஆப்பில் பதிவு செய்து வெள்ளத்தை அனுப்பிவைத்தாள். அது சின்னவளின் கணக்கில்தான் ஏறியது. மறுநாள் பழக்கதோஷத்தில் போன் செய்தாள். "தண்ணி இறங்குதா டீச்சர்?" "ஜோரா இறங்குதும்மா." அதோடு வைத்திருக்கலாம். எதிர் மேசையில் சின்னவள் எதற்கோ கலகலவென்று சிரித்தாள். பெரியவள் போனை எடுத்துக்கொண்டு கீழே ஸ்டாக் அறைக்குப் போனாள்.

"டீச்சர், பேனா இருக்கா? வெள்ளத்தோட நம்பரை எழுதிக்கோங்க. அடுத்த தடவை நேரா அவருக்கே போடுங்க. நடுவுல ஆப் எதுக்கு, கமிஷன் எதுக்கு?"

சொல்லி முடித்துப் போனை வைத்தாள். வயிற்றில் இத்தனை நாள் எரிந்துகொண்டிருந்த இடத்தில் ஐஸ் வைத்தது மாதிரி இருந்தது. அந்தச் சுகம் பொல்லாதது. ஒரு தடவையோடு நிற்காது.

அன்றிலிருந்து அவளுக்கு அது ஒரு வேலையாகிவிட்டது. அந்தப் பக்கம் எந்த வீட்டில் வேலை முடிந்தது என்று கடைக் கம்ப்யூட்டரில் பார்ப்பாள். மறுநாள் பிவிசி குழாய்களுக்கும் வாஷ்பேசின்களுக்கும் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுவாள். வேலை எப்படி என்று கேட்பாள், கடைசியில் ஆளின் நம்பரைக் கொடுப்பாள். இதில் ஒரு வேடிக்கை. குழி பறிக்கத்தான் போன் செய்தாள் என்றாலும், "இன்னும் லேசா சொட்டுதுங்க" என்று யாராவது சொன்னால் அவளால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. உடனே அந்த ஆளைப் பிடித்து, அர்ச்சனை செய்து, திருப்பி அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை. "இந்தப் பக்கம் உங்களுது இல்லையேக்கா, நீங்க ஏன் திட்டறீங்க?" என்று வெள்ளம்கூட ஒரு நாள் கேட்டார். "சொட்டறதுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தெரியுமா?" என்று அதற்கும் சேர்த்துத் திட்டினாள்.

சின்னவளின் கோடு நின்றது. பிறகு இறங்கியது. ஒரு தடவை ஆப்பில் வந்த வீடு மறு தடவை வருவதே இல்லை. சின்னவள் பட்டனின் நிறத்தை மாற்றினாள். கமிஷனைக் குறைத்தாள். தள்ளுபடி கொடுத்தாள். கோடு அசைந்துகொடுக்கவில்லை. அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்ற கூட்டமும் கரைந்துபோனது.

ஒரு மத்தியானம் பெரியவள் ஸ்டாக் அறையிலிருந்து வெளியே வந்தபோது, மாடிப்படியில் உட்கார்ந்து சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாத அழுகை. பார்த்ததும் முதலில் இனித்தது, அதை மறைப்பதற்கில்லை. அப்புறம் ஏதோ ஒன்று நெஞ்சில் நெருடியது. போய்ப் பக்கத்தில் உட்காரலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் பெரியவளின் கணவன் கையில் டீயோடு வந்து, "அழாதம்மா, தொழில்னா ஏத்த இறக்கம் இருக்கும்" என்று தம்ளரை நீட்டினான். தான் அழுதபோது இந்த மனுஷன் டீ கொண்டுவந்ததாகப் பெரியவளுக்கு நினைவே இல்லை. வந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அந்த டீயின் ஆவியோடு போய்விட்டது.

அதற்குப் பிறகு சின்னவள் அழவில்லை. மத்தியானம் ஆனால் குடையை எடுத்துக்கொண்டு எங்கேயோ கிளம்பிவிடுவாள். சாயங்காலம் முகம் கறுத்துத் திரும்பி வருவாள். எங்கே என்று பெரியவளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பெரியவளுக்குக் கேட்க நேரமும் இல்லை. போன் விடாமல் அடித்தது. எல்லாம் அந்தப் பக்கத்து வீடுகள். "நம்பர் குடுத்தீங்களே, அந்த ஆள் வரேன்னு சொல்லிட்டு வரவே இல்லைங்க." "நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கறார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க." "அந்த எலக்ட்ரீஷியன் ஊருக்குப் போயிட்டாராம், நீங்களே யாரையாவது பாத்து அனுப்புங்களேன்." பெரியவள் முகம் மலர மலர எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தாள். இவர்கள் கையில் நம்பர் இருந்தும் ஏன் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. தோற்கப்போகிறவள் யார் என்பதிலேயே அவள் புத்தி முழுவதும் இருந்தது.

லீவு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, கடை மூடியிருந்தது. எல்லோரும் மாடியில் கூடினார்கள். மாமனார் முன்யோசனையாகப் பெயின்ட் டப்பாக்களை வாசலில் அடுக்கி வைத்திருந்தார், எந்த மேசை கிளம்பும் என்று காத்துக்கொண்டிருக்கிற மாதிரி.

"என் பக்கம் தோத்துடுச்சு மாமா," என்றாள் சின்னவள்.

பெரியவளின் மனசு ஒரு துள்ளுத் துள்ளியது.

"அக்கா பக்கமும் ஜெயிக்கல. பாதி ஆளுங்க சந்தா கட்டாமப் போயிட்டாங்க. ரெண்டு வழியுமே தப்பு." சின்னவள் லேப்டாப்பைத் திறக்கவில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். "என் பக்கத்துல ஒரு தடவை வந்தவங்க மறுபடி ஆப்புக்கு வரல. எப்படியோ ஆளுங்களோட நம்பர் அவங்க கைக்குப் போயிருக்கு."

"எப்படியோ என்ன எப்படியோ? அந்த வெள்ளம்தான் குடுத்திருப்பான்!" என்று பெரியவளின் கணவன் எகிறினான். "கமிஷனை மிச்சம் புடிக்கப் பாத்திருக்கான். முதல்ல அவனைத் தூக்கணும்."

"யாருன்னு தேட வேண்டாம். அதுவும் நல்லதாப் போச்சு." சின்னவள் இதைக் கணவனின் அண்ணனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மாமனார் பக்கம் திரும்பினாள். "நம்பர் கையில இருந்தும், ஏதாவது ஒண்ணுன்னா எல்லாரும் நம்ம போனுக்குத்தான் கூப்பிடறாங்க. ஏன்னு வீடு வீடாப் போய்க் கேட்டேன். ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுக்கறதுக்கு ஒருத்தரும் காசு குடுக்கத் தயாரா இல்ல. ஆனா வேலை முடிஞ்ச மறுநாள் சரியா இருக்கான்னு கேக்கவும், இல்லேன்னா ஆளைத் திருப்பி அனுப்பவும் ஒருத்தர் இருந்தா, வருஷத்துக்கு ஒரு தொகை சந்தோஷமாத் தரோம்னு சொன்னாங்க. வேலை செய்றவங்ககிட்ட கமிஷனும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். வீடுங்க கட்டட்டும். நம்பரை ஒளிச்சு வைக்காம நாமளே குடுத்துடலாம். மறுநாள் போன் மட்டும்தான் நம்ம தொழில்."

மாமனார் தொடையைத் தட்டினார்.

"அடேங்கப்பா, என்ன மூளை!"

கொழுந்தன் சிரித்தான். பெரியவளின் கணவன், "சூப்பர்ம்மா, சூப்பர்" என்றான்.

இந்த இடத்தில் கொஞ்சமாவது விவரம் உள்ள யாரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்கள். போன் தங்கப்போகிறது. மேசை தங்கப்போகிறது. பழி வெள்ளத்தின் தலையில் விழுந்து, அதையும் வேண்டாம் என்று சின்னவளே துடைத்துவிட்டாள். பெரியவள் செய்ய வேண்டியதெல்லாம் தலையாட்டுவதுதான். ஆனால் அந்த 'அடேங்கப்பா'! அன்றைக்குப் பெயர் வைத்தபோது கேட்ட அதே அடேங்கப்பா, அதே தொடை, அதே தட்டு. இத்தனை நாள் செரிக்காமல் கிடந்தது மேலே வந்துவிட்டது.

"எப்படியோ போகல. நான்தான் குடுத்தேன்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"டீச்சர் வீட்டுல ஆரம்பிச்சு எல்லா வீட்டுக்கும் நம்பர் குடுத்தது நான். வெள்ளம் இல்ல, நான். மறுநாள் போன் பண்ணதும் நான். திட்டி அனுப்பினதும் நான். மூளையாம் மூளை! என் வேலையை எடுத்து என் முன்னாலயே வித்துக்கிட்டு இருக்கா. அன்னைக்குப் பேரையும் இப்படித்தான் எடுத்தா!"

தான் என்ன சொன்னோம் என்பது பெரியவளின் காதுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. பெருமையைப் பிடுங்கப் போய்க் குற்றத்தையும் கையோடு எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"நீயா?" என்றான் அவள் கணவன். குரலில் கோபம்கூட இல்லை.

"நம்ம வீட்டுத் தொழிலை நீயே கெடுத்தியா?" என்றார் மாமனார்.

சின்னவள்தான் பேசினாள். "எனக்குத் தெரியும் மாமா. நான் போய்க் கேட்ட வீட்லயெல்லாம், ஒரு அக்கா போன் பண்ணுவாங்க, அவங்கதான் நம்பர் குடுத்தாங்கன்னு சொன்னாங்க. அதனாலதான் எப்படியோன்னு சொன்னேன்." நேராக மாமனாரைப் பார்த்தாள். "பேரும் அக்காவோடதுதான். எதுன்னாலும் கூப்பிடுங்கன்னு அக்கா சொல்றதைக் கேட்டுத்தான் வச்சேன். அன்னைக்கே சொன்னேன், நீங்கதான் காதுல வாங்கல."

சின்னவள் பிடித்துக் கொடுத்திருந்தால் பெரியவள் சண்டை போட்டிருக்கலாம். ஏற்கெனவே தெரிந்துகொண்டு, எல்லோர் முன்னாலும் மூடி மறைத்து, மன்னித்தும் முடித்துவிட்டவளிடம் என்ன சண்டை போடுவது? படிப்பில் முந்தினாள், பேச்சில் முந்தினாள், சரி. நல்லவளாக இருப்பதிலும் அவளே முந்திக்கொண்டால் மனுஷி எங்கே போவாள்?

"இனிமே முடிவெல்லாம் சின்னவ எடுப்பா," என்றார் மாமனார். "பெரியவ போனை மட்டும் பாத்துக்கட்டும்." இதைச் சொல்லிவிட்டு, பெயின்ட் டப்பாக்களைத் தானே ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுபோக ஆரம்பித்தார்.

மேசை தங்கியது. போன் தங்கியது. அவள் எதற்காகப் பாடுபட்டாளோ அதெல்லாம் அப்படியே இருந்தது, சின்னவள் கொடுத்ததாக. அதுதான் தாங்கவில்லை.

புதிய வழி பிடித்துக்கொண்டது. வீடுகள் சேர்ந்தன. விட்டுப்போன ஆட்கள் பாலம் தாண்டித் திரும்பி வந்தார்கள். வெள்ளம் மாடியேறி வந்து, "இனிமே எங்ககிட்ட எதுவும் வாங்கறதில்லையாமேக்கா? நல்லா இருப்பீங்க" என்றார். பெரியவள் அவர் முகத்தைப் பார்க்காமல், "வால்வை மூடிட்டு வேலையைப் பாருங்க" என்றாள். கணவன் அவளிடம் வீட்டு விஷயங்களுக்கு மட்டும் வாயைத் திறந்தான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சின்னவளின் அன்பைத்தான் பொறுக்க முடியவில்லை. "அக்கா, ஃபேன் வேகமா வைக்கவா?" "அக்கா, நாற்காலி சரியில்லையே, மாத்தலாமா?" ஒவ்வொரு அக்காவும் ஒரு ஊசி. பெரியவள் எல்லாவற்றுக்கும் "வேண்டாம்" என்றாள்.

ஒரு நாள் காலை அவள் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. சின்னவள் எட்டி எடுத்தாள்.

"கூப்பிடு, சொல்லுங்க... ஓ, டீச்சரா! நான்தான் டீச்சர், குடை எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தேனே..."

மறுமுனையில் ஏதோ சொன்னார்கள்.

"இல்ல, நானே சொல்றேனே, எனக்கும் தெரியும். கீசர்ல வெந்நீர் வரலேன்னா முதல்ல..."

மறுமுனை மறுபடி ஏதோ சொன்னது.

"இருக்காங்க," என்றாள் சின்னவள். போனை நீட்டினாள். "உங்ககிட்டதான் பேசணுமாம்."

பெரியவள் கையை நீட்டினாள். சின்னவள் போனைக் கொடுத்த வேகத்தில் அது கிட்டத்தட்டக் கீழே விழப் பார்த்தது.

"வெயில்ல வீடு வீடா அலைஞ்சது நானு. திட்டம் போட்டது நானு. ஒருத்தருக்காவது என் குரல் ஞாபகம் இருக்கா? எடுத்த உடனே, அந்த அக்கா இல்லையா, அந்த அக்கா இல்லையா! அப்படி என்னதான் சொக்குப்பொடி போட்டு வச்சிருக்கீங்களோ!"

சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்து லேப்டாப்பைப் படபடவென்று தட்டினாள். பாவம், அந்த லேப்டாப் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவளுடைய உதட்டின் ஒரு ஓரம் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

பெரியவள் போனைக் காதில் வைக்காமல் அந்த உதட்டையே பார்த்தாள். அந்த இழுப்பு அவளுக்குத் தெரியும். தினமும் தலை வாரும்போது கண்ணாடியில் பார்க்கிறதுதான். அட, இவளுக்குமா! இத்தனை நாள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் மெல்ல எழுந்து போனது. மன்னிக்கிறவளோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று தெரியாமல்தான் அவள் தவித்துக்கொண்டிருந்தாள். வயிறு எரிகிறவளோடு நடத்தலாம். வந்த நாளிலிருந்து அன்றுதான் சின்னவளை அவளுக்கு முதல் தடவையாகப் பிடித்தது.

"சொல்லுங்க டீச்சர், நான்தான்," என்றாள். அன்றைக்கு டீச்சரோடு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பேசினாள், கொஞ்சம் சத்தமாகவும் பேசினாள். "அய்யோ, நான் இல்லேன்னா என்ன டீச்சர், எங்க சின்னவ இருக்காளே" என்று ஒரு தடவை சொன்னாள். அதைச் சொல்லும்போது ஓரக்கண்ணால் எதிர் மேசையைப் பார்க்கத் தவறவில்லை. தட்டல் இன்னும் பலமானது.

போனை வைத்துவிட்டு எழுந்தாள். "டீ குடிக்கிறியா?"

"வேண்டாம்," என்றாள் சின்னவள், வெடுக்கென்று.

பெரியவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு டீ போடக் கீழே இறங்கினாள்.